கதவு எண் ஏழுக்குத் தபால்

சைரன் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வைத்த புண்ணியவான் தப்பாக வைத்துவிடவும் இல்லை. பதினோராம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து அவள் "ரப்பர் இருக்கா?" என்று பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியமாகக் கேட்டால், மாடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பென்சில் பெட்டியைத் திறப்பார்கள். அவளுக்கு இதில் துளி வருத்தம் கிடையாது. தொண்டை எல்லோருக்கும்தான் இருக்கிறது, தன்னுடையது ஒழுங்காக வேலை செய்கிறது என்பது அவள் கட்சி.

ஆண்டு விழாவுக்கு நாடகம் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அவள் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றது கெமிஸ்ட்ரி மிஸ் முன்னால். நாடகத்தை எழுதியவரும் அவர்தான், நடத்துகிறவரும் அவர்தான். கதை எளிது. கதவு எண் ஏழில் ஒரு முதியவர். தன் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகளோடு நான்கு வருடமாக அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மாதம் தவறாமல் மகளிடமிருந்து கடிதம் வரும். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். அந்த வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ள அவருடைய தம்பி பத்திரமும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருப்பான். கடைசியில் ஒரு தபால்காரப் பெண், "இந்தக் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போக மாட்டேன்" என்று அடம்பிடித்து அவர் கையில் திணிப்பாள். படித்ததும் மனம் மாறிப் பத்திரத்தைக் கிழித்தெறிவார் முதியவர்.

"மிஸ், அந்தத் தாத்தா நான்தான்," என்றாள் சைரன்.

மிஸ் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீ தாத்தாவா நடிச்சா பொண்ணு எதுக்கு லெட்டர் போடணும்? நீ இங்கேர்ந்து திட்டினாலே அவளுக்குக் கேட்டுடுமே."

ஆய்வுக்கூடமே சிரித்தது. சைரனும் சிரித்தாள், எல்லோரையும் விடச் சத்தமாக. முதியவர் வேஷம் 'ஃபர்ஸ்ட் ரேங்க்'குக்குப் போயிற்று. அவன் அப்பா அம்மா வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் வெளியே வரும்; மற்றபடி ஃபர்ஸ்ட் ரேங்க்தான். தம்பி வேஷம் பஞ்சுவுக்கு. பஞ்சு ஒரு நல்ல ஜீவன், அடித்தால்கூடத் திரும்ப அடிக்க மாட்டான், பேச்சும் பஞ்சு மாதிரி. சைரனுக்குக் கிடைத்தது தபால்காரி.

"மூணாவது காட்சியில வந்துட்டுப் போற வேஷம். பதினாலு வசனம், நாலு நிமிஷம். சரியா?" என்றார் மிஸ்.

"நாலு நிமிஷம் போதும் மிஸ். மிச்ச நேரத்த இவங்க ஓட்டிக்கட்டும்," என்றாள் சைரன்.

வாய்க்கொழுப்புத்தான். ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அந்த நாலு நிமிடத்தை அவள் நாலு ஏக்கர் நிலம் மாதிரி உழுதாள்.

ஒத்திகை தினமும் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில். மேடைக்கு ஆண்டு விழாவுக்கு முதல் நாள்தான் அனுமதி. அதனால் ஆசிட் வாடைக்கு நடுவே, கால் ஆடும் ஸ்டூல் முதியவரின் சாய்வு நாற்காலியாயிற்று, கை கழுவும் தொட்டி வாசற்கதவாயிற்று. மிஸ் கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகிய கை அல்லவா? நாடகத்தையும் அப்படித்தான் அளந்தார். கரும்பலகையில் முதல் காட்சி ஒன்பது நிமிடம், இரண்டாவது பதினொன்று, மூன்றாவது நான்கு, நான்காவது எட்டு என்று சாக்பீஸால் எழுதிப்போட்டு, அரை நிமிடம் கூடினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிடுவார். மூன்றாவது வாரத்திலெல்லாம் கடிகாரத்தை அந்த நாடகத்தைப் பார்த்துத் திருத்தலாம் போலாகிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில்தான் இடறல். இரண்டாவது காட்சியிலும் தம்பி பத்திரத்தை நீட்டி, "அண்ணே, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று கேட்பான். நான்காவது காட்சியிலும் அதே தம்பி, அதே பத்திரம், அதே கேள்வி. முதல் தடவை முதியவர் "நாளைக்கு வா" என்பார். இரண்டாம் தடவை "இப்படிக் குடு" என்று வாங்கிக் கிழிப்பார். ஃபர்ஸ்ட் ரேங்க் வசனத்தைப் பரீட்சைக்குப் படிப்பது போல, கேள்வி வந்தால் பதில் என்று நெட்டுருப் போட்டவன். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் என்றால் அவன் என்ன செய்வான், பாவம்! ஒத்திகையில் ஒருநாள் மாற்றிச் சொல்லியே விட்டான். மிஸ் சிவப்பு மையால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார்.

"பயப்படாதடா. நீ உளறினாலும் நான் வந்து தூக்கி நிறுத்திடுவேன்," என்றாள் சைரன்.

"நீ வர்றதே மூணாவது காட்சியில. உன் வேலையப் பாரு," என்றான் அவன்.

அவள் வேலை என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர். பதினைந்து வருட சர்வீஸில் ஒரு நிமிடம் தாமதமாக வண்டி எடுத்ததில்லை. டைம் கீப்பர் விசில் அடித்தால் பஸ் நகர்ந்தே தீரும். உள்ளே யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பது அடுத்த விஷயம். ஊருக்கு நல்ல டிரைவர். ஆனால் அவள் ஒன்றாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் ஜெயித்தபோது அவர் வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு வரவில்லை. எட்டாம் வகுப்பில் பரிசு வாங்கியபோது வந்தார். வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் இப்படியே ஓடிவிட்டது. அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அப்பா சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொள்வதே போதுமானதாக இருந்தது.

இந்தத் தடவைதான் எல்லாம் கூடி வந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே உள்ள நிறுத்தம்தான் பதினாலாம் நம்பருக்குக் கடைசி நிறுத்தம். அங்கே பதினொன்று ஐந்துக்கு வண்டி வந்து நிற்கும், பதினொன்றரைக்குத் திரும்பக் கிளம்பும். நாடகம் ஆரம்பிப்பது பத்து ஐம்பத்தைந்து. மிஸ்ஸின் கணக்குப்படி மூன்றாவது காட்சி பதினொன்று பதினைந்துக்கு. சைரன் காகிதத்தில் கூட்டிக் கழித்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இறங்கி நடந்து வர்றதுக்கு அஞ்சு நிமிஷம். பார்க்க நாலு நிமிஷம். திரும்பிப் போக அஞ்சு. அப்பவும் உங்களுக்கு டீ குடிக்க டைம் இருக்குப்பா."

அப்பா காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். "வந்துடறேம்மா," என்றார். "எது எப்படிப் போனாலும் வந்துடறேன்."

அன்றிலிருந்து ஐந்து வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. முதியவர் வசனத்தை யாராவது படித்தால்தானே அவள் ஒத்திகை பார்க்க முடியும்? அது அப்பா தலையில் விழுந்தது. அம்மா தையல்காரி, அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் பிரித்து மகளுக்குத் தபால்காரி உடுப்பாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுநாள் போட வேண்டிய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டபடி, சுவரைப் பார்த்து நின்றே முதியவரை நடத்திவிடுவார். சைரன் சமையலறை வாசலில் நின்று குரல் கொடுப்பாள்.

"சார், தபால்!"

"யாருக்கும்மா?"

"அப்பா! 'யாருக்கு?' அவ்வளவுதான். 'ம்மா'வெல்லாம் கிடையாது. அவர் கோபக்காரர்."

"கோபக்காரரா இருந்தா என்ன? வாசல்ல ஒரு பொண்ணு பையத் தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்குது. 'ம்மா' போடாம எப்படிக் கேக்கறது?"

"நாடகத்துல அப்படி இல்லப்பா."

"சரி சரி. இனிமே போடல. திரும்ப வா."

அவள் திரும்பப் போய் வாசலில் நின்று, "சார், தபால்!" என்பாள். அப்பா இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே, "யாருக்கும்மா?" என்பார்.

"பஸ்ல ஏறுற அத்தனை பேரையும் பதினஞ்சு வருஷமா 'உள்ள போம்மா, புடிச்சுக்கோம்மா'ன்னு சொன்ன வாய்," என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "அதுக்கு இனிமே பிரேக் புடிக்காது. விட்டுடு."

கடைசி வாரத்தில் வீட்டில் யார் எங்கே இருந்தாலும் இது நடந்தது. அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது, முகம் கழுவும்போது, அரைத்தூக்கத்தில். அவள் "சார், தபால்!" என்றால் போதும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "யாருக்கும்மா?" என்பார்.

ஆண்டு விழா நாள் வந்தது. அரங்கு நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் சிறப்பு விருந்தினர், பக்கத்தில் தலைமையாசிரியை, மூன்றாவது வரிசையில் அம்மா. சைரன் காக்கி உடுப்பும் தோள்பையுமாக மேடையின் வலப்பக்கத் திரை மறைவில் நின்றாள். மற்றவர்கள் எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தாகமும் இல்லை, நடுக்கமும் இல்லை. திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதில் கண்ணை வைத்தால் அரங்கின் பின்கதவு நேராகத் தெரியும். அந்த இடத்தை முதல் நாளே வந்து பார்த்து வைத்திருந்தாள்.

முதல் காட்சி ஒன்பது நிமிடம், பிசகில்லை. எதிர்ப்பக்க மறைவில் மிஸ் ஸ்டாப்வாட்சைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது காட்சியும் நன்றாகத்தான் போயிற்று. ஃபர்ஸ்ட் ரேங்க் இருமினான், முனகினான், மகளின் போட்டோவைக் கவிழ்த்து வைத்தான். பஞ்சு பத்திரத்தோடு உள்ளே வந்தான்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டுடலாமா?"

ஃபர்ஸ்ட் ரேங்க் நிமிர்ந்தான். முன் வரிசையில் தலைமையாசிரியை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணில் ஏதோ அணைந்தது.

"இப்படிக் குடு," என்றான். வாங்கினான். டர்ரென்று கிழித்துப் போட்டான்.

அடப்பாவி! கேள்வி ஒன்று, பதில் இரண்டு. பயல் இரண்டாவதை எடுத்துவிட்டான். மூன்றாவது காட்சியை ஒரே தாண்டாகத் தாண்டி நான்காவதில் போய் விழுந்துவிட்டான். கடிதம் வரவே இல்லை, கிழவர் மனம் மாறிவிட்டார்! பஞ்சுவாவது சுதாரித்திருக்கலாம். அவனோ கேட்ட வசனத்துக்கு ஏற்ற பதிலை ஒழுங்குப் பிள்ளையாகச் சொன்னான்: "என்ன அண்ணே, கிழிச்சுட்டீங்க!"

அப்போதுதான் ஃபர்ஸ்ட் ரேங்குக்கு உறைத்தது. அடுத்து அவன் சொல்ல வேண்டியது, "என் பொண்ணு வர்றாடா." எந்தப் பெண், எதற்கு வருகிறாள், யார் சொன்னது? வாயைத் திறந்தான். மூடினான். பேயறைந்தவன் போல நின்றான். பஞ்சு கீழே கிடந்த காகிதத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் மிஸ்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை; வசனத்தாளைத் திருப்புகிறார், திருப்புகிறார், திருப்பிக்கொண்டே இருக்கிறார். அரங்கில் யாரோ செருமினார்கள்.

சைரன் இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

அப்பா வந்திருந்தார். பின்கதவுக்குப் பக்கத்தில், காக்கி உடுப்பில், ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் நின்றிருந்தார். அவர் மேடையைப் பார்த்தார். தரையில் கிழிந்து கிடந்த பத்திரத்தைப் பார்த்தார். ஐந்து வாரமாக அந்த நாடகத்தை வாசித்தவர் அல்லவா? பத்திரம் கிழிந்தால் தபால்காரி வந்து போய்விட்டாள் என்று அர்த்தம், அது அவருக்கு நன்றாகவே தெரியும். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். காதோரம் வைத்து ஓடுகிறதா என்றுகூடப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் இரண்டும் தொய்ந்தன. நாற்காலி மடக்கிய அன்றைக்கு அவர் நின்ற அதே நிற்பு. திரும்பிக் கதவை நோக்கி நடந்தார்.

இதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் மிஸ், திரையை இழுக்கச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

பிற்பாடு எல்லோரும் சைரன்தான் நாடகத்தைக் காப்பாற்றினாள் என்று பேசிக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே! அந்த நொடியில் நாடகம் எக்கேடு கெட்டுப் போனால் அவளுக்கு என்ன? அப்பா போகிறார். பத்து வருடம் கழித்து வந்தவர், போகிறார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டே எட்டில் மேடைக்குள் வந்து, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த தொண்டையையெல்லாம் திறந்தாள்.

"சார், தபால்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிஸ்ஸின் கை அந்தரத்திலேயே நின்றது. ஃபர்ஸ்ட் ரேங்க் அவளைப் பார்த்தான். அவள் யார், எதற்கு வந்தாள் என்று தெரியாத முகம். அவன் "யாருக்கு?" என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. மூன்று.

"யாருக்கும்மா?"

குரல் அரங்கின் பின்னாலிருந்து வந்தது.

அப்பாதான். கதவுப் பிடியில் கை, மேடைக்கு முதுகு. இஸ்திரி மேஜையில் நின்று சொல்வது போலவே, திரும்பிப் பார்க்காமல், இயல்பாக, உரக்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. நானூறு தலைகள் அவர் பக்கம் திரும்பின. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது வரிசையில் அம்மா நிகழ்ச்சிநிரல் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அங்கேயும் காக்கி, இங்கேயும் காக்கி. ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "ஓகோ, இன்னொரு தபால்காரர்! கூட்டத்துக்குள்ளேர்ந்தே ஆளக் கொண்டு வர்றாங்கப்பா!" என்று சிறப்பு விருந்தினர் கையைத் தட்டினார். அரங்கமே சேர்ந்து தட்டியது.

அந்தச் சத்தத்துக்குள் சைரன் யோசித்து முடித்துவிட்டாள். அவளுக்கு யோசிக்க அரை நொடி போதும்.

"உங்களுக்கு இல்ல சார்!" என்றாள் பின்கதவைப் பார்த்து. "கதவு எண் ஏழுக்கு!" சிரிப்பு அடங்குவதற்குள் ஃபர்ஸ்ட் ரேங்க் பக்கம் திரும்பினாள். "என்ன பெரியவரே, தெருவுல போறவருக்கே கேக்கணும்னு தோணுது. வீட்டுக்காரர் நீங்க கேக்க மாட்டீங்களா?"

ஃபர்ஸ்ட் ரேங்க் ஒரு எட்டு முன்னால் வந்தான். அவன் மூளையில் அப்போது வேறு எதுவும் இல்லை; கடைசியாகக் காதில் விழுந்தது மட்டும்தான் இருந்தது. அதை அப்படியே சொன்னான்.

"யாருக்கும்மா?"

அப்பாவின் 'ம்மா'வோடு, அதே இழுவையோடு. சொன்னதும் அவன் முகமே மாறிவிட்டது. ஐந்து வாரம் எரிந்து விழுந்த கிழவர் போய், வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தட்டுத்தடுமாறி எழுந்து வரும் ஒரு மனிதர் அங்கே நின்றார்.

"உங்க பொண்ணுகிட்டேர்ந்து சார்."

"திருப்பி அனுப்பிடும்மா," என்றான். எழுதி வைத்தபடி அது கத்த வேண்டிய வசனம். அது தளர்ந்து, கெஞ்சலாக வந்தது.

சைரனின் பெரிய வசனம் அடுத்தது. இடுப்பில் கை வைத்து, மேடை அதிர, ஒரு விரலை ஆட்டிப் பேசுவதற்கென்று அவள் கண்ணாடி முன்னால் நின்று உருவாக்கி வைத்தது. ஆனால் இப்படிப் பேசுகிற மனிதரிடம் யாராவது கத்துவார்களா? கையைக் கீழே இறக்கினாள். பின்கதவைப் பார்த்தாள்.

கதவு ஆடிக்கொண்டிருந்தது. அப்பா இல்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்ததா, வரட்டும் என்று அதையும் வசனத்திலேயே போட்டாள்.

"நாலு வருஷமாத் திருப்பி அனுப்பிட்டேன் சார். இந்தத் தடவை மாட்டேன்." அவள் குரல் இவ்வளவு தணிந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. "என் பையில ஊருக்கெல்லாம் ஏதாவது இருக்கு. எனக்குத்தான் யாரும் எழுதறதில்ல. உங்களுக்கு எழுத ஒரு ஆள் இருக்கு. வேண்டாம்னு சொல்றீங்க. ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க சார். நான் இங்கயே நிக்கறேன்."

கடைசி வரிசைவரை கேட்டது. ஃபர்ஸ்ட் ரேங்க் கடிதத்தை வாங்கிப் பிரித்தான். படித்து முடித்ததும், கவிழ்த்து வைத்த மகளின் போட்டோவை நிமிர்த்தி வைத்தான். அது நடிப்பா நிஜமா என்று அவனுக்கே தெரியாது. மிச்ச வசனமெல்லாம் தானாகவே வந்தது. பஞ்சுவுக்குக்கூட அன்று புத்தி வேலை செய்தது. காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "அப்போ இது, அண்ணே?" என்றான்.

"ஏற்கெனவே கிழிச்சாச்சேடா," என்றான் ஃபர்ஸ்ட் ரேங்க். "இன்னும் பொடியாக் கிழி. என் பொண்ணு வர்றா."

அரங்கு எழுந்து நின்று தட்டியது. திரை விழுந்ததும் ஃபர்ஸ்ட் ரேங்க் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக ஏதோ சொன்னான். மிஸ் ஓடிவந்தார். நாடகத்தின் நேரம் எவ்வளவு என்று பார்க்கவே மறந்திருந்தார்.

"பின்னாடி நின்ன அந்த ஆள் யாருடி?"

"எங்க அப்பா மிஸ்."

மிஸ் கைப்பையைத் திறந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, வசனத்தாளில் ஒரு வரியைத் திருத்தி அந்தப் பக்கத்தை உருவி அவளிடம் கொடுத்தார். "அடுத்த மாசம் போட்டிக்குப் போறோம். இப்படித்தான் போடறோம். உங்க அப்பாகிட்ட காட்டு."

அவள் உடுப்பைக்கூட மாற்றவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குப் பதினாலாம் நம்பர் திரும்பி வரும் என்று தெரியும். நிறுத்தத்தில் தோள்பையோடு நின்றாள். போகிறவர்கள் இரண்டு பேர் அவளிடம் தபால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் முதலில் குதித்து இறங்கினார். "என்னம்மா ஆச்சு உங்க அப்பாவுக்கு? ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தாமலே வந்துட்டாரு. ஜனங்க என்னைப் புடிச்சுத் திட்டறாங்க. கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு."

அப்பா இறங்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மன்னிச்சுடும்மா," என்றார், திரும்பாமலே. "லேட்டா வந்துட்டேன். உன் கட்டம் முடிஞ்சு போச்சு. சரி, சத்தம் போடாமப் போயிடலாம்னு பார்த்தேன். உன் குரல் கேட்டுச்சு, நீ எதுக்குத் திரும்ப வந்தேன்னு யோசிக்கறதுக்குள்ள வாய்... எப்படி வந்துச்சுன்னே தெரியல. அத்தனை பேர் முன்னாடி. நீயும் 'உங்களுக்கு இல்ல'ன்னுட்ட. நியாயம்தானே. பத்து வருஷமா வராதவன் வந்தும் கெடுத்தேன்."

"அப்பா, நீங்க லேட்டா வரல."

"நான்தான் பார்த்தேனே, பத்திரத்தக் கிழிச்சுட்டாங்க."

"அவன் தப்பா முன்னாடியே கிழிச்சுட்டான்ப்பா! என் காட்சி போயே போச்சு. நீங்க கிளம்பறதப் பார்த்துத்தான் நானே மேடைக்குள்ள பாய்ஞ்சேன். அவனுக்குப் பேச்சே வரல. நீங்க மட்டும் சொல்லலைன்னா அங்க யாருமே எதுவும் சொல்லியிருக்க மாட்டாங்க. திரைய இழுத்திருப்பாங்க." மூச்சு விடாமல் சொல்லிவிட்டுக் காகிதத்தை அவர் மடியில் வைத்தாள். "இதப் பாருங்க."

அப்பா பார்த்தார். அந்தத் தாளை அவர் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார். 'முதியவர்: யாருக்கு?' என்று அச்சடித்திருந்த இடத்தில் சிவப்பு மையால் அடித்து, மேலே 'யாருக்கும்மா?' என்று எழுதியிருந்தது. அவர் அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். விரலால் அந்த மையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ நீ பேசினியாம்மா? அந்தப் பெரிய வசனம்?"

"பேசினேன்."

"நான் பார்க்கலையே," என்றார் அப்பா.

"அதுக்கென்ன இப்போ?" என்றாள் சைரன்.

விடுவிடுவென்று பஸ்ஸின் பின்படிக்குப் போனாள். கீழே இறங்கி, பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தாள். உள்ளே ஏழெட்டுப் பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். யார் இருந்தால் அவளுக்கு என்ன?

"சார், தபால்!"

சில்லறை தேடியவர் துள்ளி விழுந்தார். ஐந்து வாரமாக ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காத அப்பா இப்போது முழுசாகத் திரும்பினார். தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிற மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். தினமும் தூக்கத்தில்கூட வந்த அந்த ஒற்றை வார்த்தை வரவில்லை. பஸ் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "யாருக்கும்மா?" என்றார்.

"யோவ், அது என் வசனம்யா!" என்றார் அப்பா.

அவர் சீட்டைவிட்டு எழுந்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நடுவழியில் வந்து நின்றார்.

"முதல்லேர்ந்து வாம்மா. முழுசாப் பார்க்கணும்."

வெளியே டைம் கீப்பர் விசில் அடித்தார். பதினாலாம் நம்பர் பஸ் நகரவில்லை.